கொங்கு மண்டலத்தில் அந்நிய முதலீடு: நூற்பாலை முதல் காற்றாலை வரை

கொங்கு மண்டலத்திற்கு அந்நிய மூலதனம் நான்கு வடிவங்களில் வந்தது: ஆங்கிலேயர் காலத்து ஆலை, விடுதலைக்குப் பிந்தைய தொழில்நுட்பக் கூட்டு, தாராளமயக் காலத்து உள்கட்டமைப்பு முதலீடு, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய நேரடித் தொழிற்சாலை. முதல் வடிவம் இங்கே ஒரு தொழிலைத் தொடங்கிவைத்தது. பின்வந்த மூன்றும், உள்ளூரார் வளர்த்தெடுத்த தொழிலைப் பற்றிக்கொண்டே படர்ந்தன.

ஆலையும் பட்டறையும்

கரிசல் நிலத்துப் பருத்தியும், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றும் நூற்புக்கு ஏற்றவை. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லை நிறுவினார். அடுத்து எழுந்த ஆலைகளில் பெரும்பாலானவை உள்ளூர்க் குடும்பங்களுடையவை. 1910இல் தோன்றிய லட்சுமி மில் அவற்றுள் ஒன்று. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் ஆலைகள் விரைந்து பெருகின. ஆலைகளையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பிப் பட்டறைகளும் பவுண்டரிகளும் வளர்ந்தன. மோட்டாரும் பம்பும் கோவையின் அடையாளமாயின. 1945இல் தொடங்கிய அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியும் 1951இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் இத்தொழில்களுக்குப் பொறியாளர்களைத் தந்தன.

நுட்பத்தின் வருகை

விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. ஆலைகளுக்கோ புதிய இயந்திரங்கள் தேவைப்பட்டன. 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் கூட்டுடன் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் உருவாகி, பெரியநாயக்கன்பாளையத்தில் நூற்பு இயந்திரங்களைச் செய்யலாயிற்று. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான தொழில்களில் அந்நியப் பங்கை 40 விழுக்காட்டுக்குள் நிறுத்த முனைந்தது. அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து பணத்தைவிட நுட்பமே மிகுதியாக வந்தது.

நீரில் இட்ட முதலீடு

1991 ஜூலை 24இல் அறிவிக்கப்பட்ட தொழிற்கொள்கை, முன்னுரிமைத் தொழில்களில் 51 விழுக்காடு வரையிலான அந்நியப் பங்குக்குத் தானியங்கி ஒப்புதல் அளித்தது. ஃபோர்டு, ஹூண்டாய் போன்ற கார் நிறுவனங்கள் துறைமுகம் கொண்ட சென்னையை நாடின. கடற்கரையற்ற கொங்குப் பகுதியோ கொச்சியையும் தூத்துக்குடியையும் நம்பியிருந்தது.

இங்கே அந்நிய மூலதனம் வேறொரு வாயிலில் நுழைந்தது. பின்னலாடை ஏற்றுமதியில் முன்னேறிய திருப்பூரின் சாயப்பட்டறைகளுக்கு நல்ல தண்ணீர் போதவில்லை. 1995இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. தமிழ்நாடு அரசும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் இதில் பங்கேற்றன. மகிந்திரா, அமெரிக்காவின் பெக்டெல், பிரிட்டனின் யுனைடெட் யுட்டிலிட்டீஸ் ஆகியவை கூட்டாக இணைந்தன. நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் வழங்கும் இக்கழகத்தின் திட்டம் 2005இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆடை வணிகத்தில் பன்னாட்டு ஒதுக்கீட்டு முறை முடிவுற்றதும் அதே ஆண்டில்தான்.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பட்டறைகள் நின்றதும் தண்ணீர் விற்பனை சரிந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை பரவியபின் புதுநீரின் தேவையும் குறைந்தது. ஒரே தொழிலை நம்பிய உள்கட்டமைப்பு முதலீடு, அத்தொழிலின் சுற்றுச்சூழல் கடனையும் சேர்த்தே சுமக்க நேரும் என்பதற்கு இது சான்று.

நேரடித் தொழிற்சாலைகள்

பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் பெருகியபின், காற்றாலைப் பற்சக்கரப் பெட்டி செய்யும் பெல்ஜியத்தின் ஹான்சன் நிறுவனம் கோவைக்கு அருகே தொழிற்சாலை அமைத்தது. அந்நிறுவனத்தைப் புனேயைச் சேர்ந்த சுஸ்லான் 2006இல் வாங்கியிருந்தது. 2011இல் ஹான்சன் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத்தின் வசமாயிற்று. உடைமை கைமாறியும் தொழிற்சாலை இடம்பெயரவில்லை. மென்பொருள் துறையிலும் உள்ளூர் வளத்துக்கும் வந்த முதலீட்டுக்கும் இதுபோன்ற பொருத்தம் உண்டு: வாகனப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியின் பாஷ், பொறியியல் கல்லூரிகள் நிறைந்த கோவையில் தன் பொறியியல், மென்பொருள் மையத்தை அமைத்தது.

2019இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் கோவையும் சேலமும் இடம்பெற்றன. பாதுகாப்புத் துறையில் தானியங்கி வழியிலான அந்நிய முதலீட்டு வரம்பு 2020இல் 49இலிருந்து 74 விழுக்காடாக உயர்ந்தது. கொள்கை கதவைத் திறந்துவிடும். உள்ளே வருபவர் தேடுவது பவுண்டரியையும், கைதேர்ந்த தொழிலாளரையும், தண்ணீரையும், மின்சாரத்தையும்தான். நூறாண்டுக்கு மேலாகக் கொங்கு மண்டலம் சேர்த்துவைத்த முதல் அதுவே.