வெள்ளைக் கூரை யாருக்கு இருக்கிறது?

ஃப்ளாஷ் வெளிச்சத்தின் வரலாற்றைத் தொழில்நுட்பத்தின் வெற்றிக் கதையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சம் யார் முகத்தில் அடித்தது என்ற கேள்வி அதில் அநேகமாக வருவதில்லை.

1887இல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட் சேர்த்து ஒரு ஃப்ளாஷ் பொடியைச் செய்தார்கள். நியூயார்க்கில் போலீஸ் செய்தி நிருபராக இருந்த ஜேக்கப் ரீஸ் இதைப் பேப்பரில் படித்தார். மல்பெரி பெண்ட் பகுதியின் நெரிசல் குடியிருப்புகளுக்குள் ராத்திரியில் ஆட்களோடு நுழைந்தார். முதலில் துப்பாக்கி போன்ற கருவி, பிறகு வாணலி. வாணலியில் பொடியைக் கொட்டிப் பற்றவைத்தால் தூங்குகிறவர்கள் திடுக்கிட்டு விழிப்பார்கள். அந்த விழிப்புதான் படம். ரெண்டு தடவை வீட்டுக்கே தீ வைத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1890இல் வந்த அவருடைய புத்தகம் குடியிருப்புச் சீர்திருத்தத்துக்கு உதவியது உண்மை. அனுமதி கேட்கப்படாத முகங்கள் அவை என்பதும் உண்மைதான். வெளிறிய நெற்றி, கூசிய கண், பின்சுவரில் கரிய நிழல் - ஏழையைக் காட்டும் மொழியாக நேர் வெளிச்சம் நிலைத்துப்போனது.

இதற்கு மாற்று இருக்கிறது. ஃப்ளாஷைக் கூரையில் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தில் எடுப்பது. பவுன்ஸ் என்கிறோம். நிற்கிற ஆளை எடுக்கக் கேமராவை நெடுக்குவாட்டில் திருப்பினால் ஒரு சிக்கல்: ஃப்ளாஷும் கூடவே பக்கவாட்டில் சாய்ந்துவிடும். தலை மேலும் கீழும் மட்டும் அசைகிற ஃப்ளாஷ் என்றால் வெளிச்சம் கூரைக்குப் போகாது, பக்கச் சுவருக்குப் போகும். இடவலமாகவும் சுழல்கிற தலை வேண்டும். 35 எம்எம் கேமரா அகலச் சட்டகத்தையே 'இயல்பு' என்று வைத்துக்கொண்டது. தனி மனுஷ உடம்பு அதற்கு விதிவிலக்கு.

சரி, சுழல்கிற தலை கிடைத்துவிட்டது, கூரை? அது வெள்ளையாக, ரொம்ப உயரமில்லாமல் இருக்க வேண்டும். தூரம் ரெண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். புகை படிந்த ஓலை வெளிச்சத்தைத் தின்றுவிடும். பச்சையடித்த சுவர் முகத்தில் பச்சை பூசும். ஆக, மென்மையான வெளிச்சம் என்பதே ஒரு சொத்து.

சினிமாவில் இதே பிரச்சினையைச் சந்தித்தவர் சுப்ரதோ மித்ரா. 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசியின் ஏழைக் குடும்பம் ஒன்று வாழும் வீட்டை, மழைக்குப் பயந்து, கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் போட்டார்கள். முற்றத்துக்கு மேலே வானம் இல்லை. விளக்கை நேராக அடித்தால் ஆளுக்கு நாலு நிழல் விழும். மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழேயிருந்து அதன்மேல் விளக்கடித்து, திரும்பி விழுந்த வெளிச்சத்தில் படம்பிடித்தார். இல்லாத வானத்தைத் துணியால் செய்துகொண்டார்.

குடிசைகளில் படமெடுக்கிற நம் தோழர்களும் இதைச் செய்யலாம். கேமராவை நெடுக்காக வைத்து, ஃப்ளாஷின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்து அதில் அடித்தால் ஜன்னலோர வெளிச்சம் மாதிரி விழும். வேட்டியைப் பிடிக்க ரெண்டு பேர் வேணும். அந்த வீட்டு ஆட்களைத்தான் கேட்க வேண்டியிருக்கும். எதற்கு, யாருக்குக் காட்ட என்று அவர்களும் கேட்பார்கள். ரீஸின் வாணலிக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.