திறந்து நிற்கும் கதவின் வரலாறு

கதவு திறப்பதற்காக ஏற்பட்டதா, மூடுவதற்காக ஏற்பட்டதா என்று வகுப்பில் நான் மாணவர்களைக் கேட்பதுண்டு. இரண்டுக்குந்தான் என்று உடனே விடை வரும். மூடிய கதவைக் காக்கத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு உண்டு, திறவுகோல் உண்டு. அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர். திறந்த கதவைத் திறந்தபடியே நிறுத்தி வைக்கும் பொறிகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. கடை, ஆலை, மருத்துவமனை, அலுவலகம் முதலிய பொது இடங்களில் அவை நாள்தோறும் நம் கண்முன் நிற்கின்றன. ஒரு செங்கல்லோ மர ஆப்போ செய்யக்கூடிய வேலைக்குப் பொறி எதற்கு என்ற ஐயம் எழலாம். செங்கல் கதவை நன்றாகவே நிறுத்தும். ஆனால் வேண்டிய கணத்தில் தானே விலகிக்கொள்ளாது. நிறுத்துவது எளிது, உரிய நேரத்தில் விட்டுவிடுவதே கடினம். இக்கடினமான பாதியை மனிதர் எவ்வாறு கற்றுக்கொண்டனர் என்பதையே இன்று கூற விரும்புகிறேன்.

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் ஹீரோ என்னும் கிரேக்க அறிஞர் வாழ்ந்தார். பெயரைக் கேட்டுத் திரைப்பட நாயகரை நினைத்துவிட வேண்டாம். இவர் காற்று, நீர், நீராவி ஆகியவற்றால் இயங்கும் பொறிகளை ஆராய்ந்தவர். பலிபீடத்தில் தீ மூட்டினால் கோவிற் கதவு தானே திறக்கும் பொறி ஒன்றை அவர் தம் நூலில் விவரித்துள்ளார். நம் நாட்டுப் பழைய கோவில்களில் கீல் இன்றிக் குடுமியிற் சுழலும் கதவுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஹீரோவின் கதவும் அத்தகையதே. குடுமியைத் தரைக்கு அடியிலும் நீளச் செய்து, அதில் கயிறு சுற்றினார். பீடத்தின் கீழுள்ள காற்று தீயினாற் சூடேறி விரியும். விரிந்த காற்று ஒரு கலத்திலுள்ள நீரைக் குழாய் வழியே தொங்கும் வாளிக்குத் தள்ளும். வாளி கனத்துக் கீழிறங்கும். கயிறு இழுபட, கதவு திறக்கும். தீ எரியும் வரை கதவு திறந்தே நிற்கும். தீ அணைந்ததும் காற்று சுருங்கும். நீர் பழைய கலத்துக்கே திரும்பும். மறுபக்கத்து எடை கதவை மூடிவிடும். தீ உள்ளவரை திறந்திருக்கும் கதவு இது. தீ வந்தவுடன் மூடிக்கொள்ளும் கதவைச் செய்யப் பின்வந்தோர் எவ்வளவு பாடுபட்டனர் என்பதை எண்ணும்போது எனக்கு இப்பொறி வியப்பூட்டுகிறது.

கதவைத் திறந்து நிறுத்தும் தேவை, அது தானே மூடத் தொடங்கிய பிறகுதான் பெரிதாயிற்று. முற்காலத்தில் கயிறு, கப்பி, எடை ஆகியவற்றாலும், பின்னர் சுருள்வில்லாலும் கதவைத் தானே மூடச் செய்தனர். சுருள்வில் கதவைப் படாரென்று அறையும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் லூயிஸ் நார்ட்டன் என்பவர் இவ்வோசையை அடக்க ஓர் உருளையையும் பிஸ்டனையும் பொருத்திக் காற்றைத் தடையாகப் பயன்படுத்தினார். பிற்காலத்துப் பொறிகளில் காற்றின் இடத்தை எண்ணெய் பெற்றது. இதையே இன்று நாம் 'டோர் குளோசர்' என்கிறோம். கதவைத் திறக்கும்போது உள்ளேயுள்ள சுருள்வில் அழுந்துகிறது. கையை விட்டதும் வில் விரிந்து கதவைத் தள்ளுகிறது. ஆனால் பிஸ்டனுக்கு முன்னுள்ள எண்ணெய் ஒரு நுண்துளை வழியாகத்தான் வெளியேற முடியும். ஆகவே கதவு மெல்ல வந்து சேருகிறது. அத்துளையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒரு சிறு திருகாணி உண்டு.

கடைக்காரருக்கோ காலையில் சரக்கு வரும் வேளையில் கதவு திறந்தே இருக்க வேண்டும். அதற்குரிய வழிகளும் வந்தன. மேலே கதவையும் நிலையையும் இணைக்கும் கையின் முழங்கையில் ஒரு மறை வைத்து இறுக்கினால், உராய்வினால் கதவு அவ்விடத்திலேயே நிற்கும். கண்ணாடிக் கதவுள்ள கடைகளில் தரைக்கு அடியில் 'ஃப்ளோர் ஸ்பிரிங்' என்ற பெட்டி புதைக்கப்பட்டிருக்கும். பழைய குடுமி புது வடிவில் திரும்பி வந்ததென்றே இதைச் சொல்லலாம். அதனுள் கதவோடு சுழலும் இதய வடிவான எஃகுத் தகடும், அதன்மேல் வில்லால் அழுத்தப்பட்ட ஓர் உருளியும் உள்ளன. கதவு 90 பாகை திறந்ததும் உருளி தகட்டின் பள்ளத்தில் விழுகிறது. மூடத் துடிக்கும் வில்லின் விசை அப்பள்ளத்தை விட்டு உருளியை ஏற்றப் போதாது. ஆகவே கதவு அசையாது நிற்கிறது. நாம் சற்றே இழுத்தால் உருளி பள்ளத்தை விட்டேற, எஞ்சிய வேலையை வில் பார்த்துக்கொள்ளும். காலால் தட்டிக் கீழிறக்கும் ரப்பர் முனைக் கட்டையும் உண்டு. அது நாகரிகம் பெற்ற ஆப்பே அன்றி வேறன்று.

இவை அனைத்திலும் ஒரு பொதுக் குறை உண்டு. விடுவிக்க ஒரு மனிதன் வேண்டும். அவன் அங்கே இருக்க வேண்டும். அவன் கைக்கு அது எட்டவும் வேண்டும். எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள சண்டர்லாந்து நகரம் 1883-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் கண்டது. அங்கே விக்டோரியா மண்டபத்தில் சிறுவர்களுக்காக மாயவித்தைக் காட்சி ஒன்று நடந்தது. மேல்மாடத்தில் மட்டும் ஏறத்தாழ 1,100 பிள்ளைகள் இருந்தனர். காட்சி முடிவில் பரிசுகள் தரப்படும் என்று அறிவித்தார்கள். கீழே இருந்தவர்களுக்கே எல்லாம் போய்விடும் என்ற ஆவலில் மாடத்துப் பிள்ளைகள் படிக்கட்டில் பாய்ந்து இறங்கினர். படிக்கட்டின் அடியில் ஒரு கதவு. அது அவர்கள் பக்கமாகத்தான் திறக்கும். ஒருவர் பின் ஒருவராகச் செல்லட்டும் என்று, அது ஒரு பிள்ளை நுழையும் அளவே திறந்திருக்குமாறு தாழ் தரையில் இறக்கப்பட்டிருந்தது. கதவை ஓரிடத்தில் நிறுத்தும் பொறியே அது. தன் வேலையை அது செவ்வனே செய்தது. முன்னே சென்றவர்கள் அவ்விடைவெளியில் சிக்கினர். பின்னே வந்தவர்களுக்கு அது தெரியாது. தாழோ பிள்ளைகள் குவிந்து கிடந்த உட்பக்கத்தில் இருந்தது. வெளியே ஓடிவந்த பெரியவர்களால் அதைத் தூக்க முடியவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக அவ்விடுக்கின் வழியே இழுத்தெடுத்தனர். இறந்தவர்கள் 183 பேர். 3 வயது முதல் 14 வயது வரை உள்ளவர்கள். நாற்பதாண்டு பிள்ளைகளின் நடுவே கழித்த எனக்கு, மணி அடித்ததும் படிக்கட்டில் எழும் ஓசை நன்கு பழகியது. இவ்வரலாற்றைப் படித்தபின் அவ்வோசையை நான் பழையபடி கேட்டதில்லை. பொது மண்டபக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்ற விதி பரவுவதற்கு இத்துயரம் காரணமாயிற்று. 1892-இல் ராபர்ட் அலெக்சாந்தர் பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர், உள்ளிருந்து உடலால் அழுத்தினாலே தாழ் விடுபடும் தள்ளுசட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

தள்ளுவதற்கும் ஒருவர் வேண்டும் அல்லவா? மனிதரே இல்லாத இடத்தில் தானே விடும் பொறியை, அட்லாண்டிக்கின் மறுகரையில் பஞ்சாலைக்காரர்களும் காப்பீட்டுக்காரர்களும் சேர்ந்து வளர்த்தனர். ஆலை முழுதும் பஞ்சுத்தூசியும் எண்ணெய் ஊறிய பலகையும்; ஒரு பொறி பட்டால் போதும். ரோட் தீவு மாநிலத்து ஆலை முதலாளி சக்கரையா ஆலன், தீத்தடுப்பைச் செம்மையாகச் செய்த ஆலைக்கும் காப்பீட்டுக் கட்டணம் குறைக்கப்படாதது கண்டு, 1835-இல் ஆலைக்காரர்களே ஒருவருக்கொருவர் ஈடு நிற்கும் காப்பீட்டுக் கழகத்தை நிறுவினார். இத்தகைய கழகங்கள் ஆலையின் ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் இடையே நல்ல சுவரும் நல்ல கதவும் வேண்டும் என்று வற்புறுத்தின. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டால் முற்றும் பொதிந்த கதவு அது. மரம் எரியாதா என்று கேட்பீர்கள். தகட்டுக்குள் காற்றுப் புகாமையால் மரம் கரியுமேயன்றிக் கொழுந்துவிட்டு எரியாது. வெறும் இரும்புக் கதவோ வெப்பத்தில் நெளிந்து வளைந்துவிடும்.

பஞ்சு வண்டிகள் ஓயாமல் போய்வரும் வாயிலில் அக்கதவை மூடி வைக்க இயலாது. எனவே அதைச் சரிவான தண்டவாளத்தில் சக்கரமிட்டுத் தொங்கவிட்டனர். தானே உருண்டு வந்து மூடும் இயல்புடைய கதவை, கயிற்றில் கட்டிய எடை ஒன்று மேலேயே பிடித்து வைத்தது. அக்கயிற்றின் நடுவே இரு சிறு தகடுகளை, எளிதில் உருகும் உலோகக் கலவையால் பற்ற வைத்து இணைத்தனர். 1860-இல் பார்னபஸ் வுட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவற்றைக் கலந்து, ஏறத்தாழ 70 பாகை செல்சியஸிலேயே உருகும் கலவை ஒன்றைக் கண்டிருந்தார். நீர் கொதிக்க 100 பாகை வேண்டும். கொதிநீருக்குள் இட்டால் உருகி ஓடும் உலோகம் இது. (ஈயமும் காட்மியமும் நஞ்சு, ஆசிரியர் இல்லாமல் இச்சோதனையில் இறங்க வேண்டாம்.) இதையொத்த கலவைகளே அவ்விணைப்புக்குப் பயன்பட்டன. தீயின் வெப்பம் எட்டியதும் பற்று உருகும், தகடுகள் பிரியும், எடை விழும், கதவு உருண்டோடி வாயிலை அடைக்கும். பிடித்திருக்கும் கை தானே உருகிப்போவது போன்ற இந்த அமைப்பை, கதவு வரலாற்றின் மிகச் சிறந்த கருத்தென்று நான் மதிக்கிறேன்.

ஆயினும் அதற்கும் ஒரு எல்லை இருந்தது. அது வெப்பத்தை அறியும், புகையை அறியாது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகையே. அது வெப்பத்துக்கு முன்னரே வந்து சேரும். 1958-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், சிகாகோ நகரில் 'தேவதூதரின் அன்னை' என்னும் பெயருடைய கத்தோலிக்கப் பள்ளியில், மாலை மணி அடிக்கச் சற்று முன்பு நிலவறையின் படிக்கட்டடியில் தீப்பற்றியது. அப்படிக்கட்டு இரு தளங்களுக்கும் ஏறிச் சென்றது. கீழ்த்தளத்து வாயிலில் கனமான மரக்கதவு ஒன்று மூடியிருந்தது. மேல்தளத்து வாயிலில் கதவே இல்லை. ஒரே படிக்கட்டு, ஒரே தீ. கீழ்த்தளத்து நடைவழிக்குள் புகையும் வெப்பமும் புகவில்லை. மேல்தளத்து நடைவழியோ புகைபோக்கியின் வாயாக மாறிற்று. மாணவர் 92 பேரும் கன்னியர் 3 பேரும் மாண்டனர். ஒரு கதவு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டிலேயே லாஸ் ஏஞ்சலீஸ் நகரத் தீயணைப்புத் துறையினர் பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றில் வேண்டுமென்றே தீ மூட்டி ஆராய்ந்தனர். வெப்பம் தாங்க முடியாததாகும் முன்பே புகை படிக்கட்டையும் நடைவழியையும் பயனற்றதாக்கிவிடும் என்பது அங்கு உறுதியாயிற்று. படிக்கட்டுக்குக் கதவு வேண்டும். அது மூடியிருக்க வேண்டும். ஆனால் முந்நூறு பிள்ளைகள் மணிக்கொரு தரம் கடக்கும் கதவு மூடிக்கிடந்தால் ஒருவன் ஆப்பு வைத்தே தீருவான். எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் கதவருகிற் கிடக்கும் செங்கற்களை அகற்றச் சொல்வேன். மறுவாரம் வேறு செங்கல் வந்திருக்கும். மனிதரைக் குறை கூறிப் பயனில்லை.

இதற்குத் தீர்வு இரண்டு பழைய கண்டுபிடிப்புகளின் சேர்க்கையால் வந்தது. 1825-இல் வில்லியம் ஸ்டர்ஜன் காட்டிய மின்காந்தம் ஒன்று. மின்னோட்டம் உள்ளவரை அது காந்தம், நின்றதும் வெறும் இரும்பு. மற்றொன்று புகையறி கருவி. 1930-களில் சுவிட்சர்லாந்தில் வால்ட்டர் யேகர் என்பவர் நச்சு வாயுவைக் கண்டறியும் கருவி செய்ய முயன்றார். வாயுவுக்கு அது அசையவில்லை. சலிப்புற்று அவர் பற்றவைத்த சிகரெட்டின் புகைக்கு அசைந்தது. இவ்விரண்டையும் இணைத்தால், சுவரில் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு, மேலே புகையறி கருவி. பகலெல்லாம் 24 வோல்ட் அளவிலான சிறு மின்னோட்டம் கதவைச் சுவரோடு பிடித்திருக்கும். புகை எழுந்தால் கருவி மின்னோட்டத்தைத் துண்டிக்கும். டோர் குளோசர் கதவை மெல்ல மூடும். மின்சாரமே நின்றாலும், கம்பியே எரிந்தாலும் விளைவு அதுதான். எப்படிப் பழுதுபட்டாலும் காக்கும் பக்கமாகவே பழுதுபடுமாறு அமைத்ததில்தான் இதன் நுட்பம் உள்ளது. பெரிய மருத்துவமனையின் நடைவழியில் சுவரோடு ஒட்டி நிற்கும் இரட்டைக் கதவுகளின் பின்னே உற்று நோக்கினால், உள்ளங்கை அகல வட்டத் தகட்டை நீங்கள் காணக்கூடும்.

எனினும் காந்தம் விட்டபின் கதவை மூட வேண்டியது அந்தப் பழைய சுருள்வில்தான். அது தளர்ந்தால் மற்ற யாவும் வீண். 2022-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் தளத்தில் அறை சூடேற்றும் மின்கருவியால் தீப்பிடித்தது. தீ பெரிதாகப் பரவவில்லை. தாமே மூட வேண்டிய வீட்டுக் கதவும், மேல்தளம் ஒன்றின் படிக்கட்டுக் கதவும் திறந்தே நின்றன. புகை மாடி முழுதும் ஏறிற்று. 17 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 8 பேர் சிறுவர்கள்.

உங்கள் கல்லூரியிலோ விடுதியிலோ இத்தகைய கதவு இருந்தால் அதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். முதலில் கதவை முழுதும் திறந்து கையை விடுங்கள். அடுத்துப் பாதி திறந்து விடுங்கள். கடைசியாக ஒரு சாண் அளவே திறந்து விடுங்கள். மூன்று முறையும் கதவு நிலையில் வந்து பொருந்தி, தாழின் நாக்கு குழியில் விழும் ஓசை கேட்க வேண்டும். மூன்றாம் முறைதான் பல கதவுகள் தாழ் விழாமல் நின்றுவிடும். அப்போது பக்கத்திலுள்ள திருகாணியைத் திருப்ப வேண்டியவர் யார் என்று அலுவலகத்திற் கேட்டு, அவரிடம் சொல்லுங்கள்.