பிழைத்த தேனீக் குடும்பங்கள்: 1991க்குப் பின் ஒரு வரலாறு

தென்னிந்தியத் தேனீ வளர்ப்பின் வரலாற்றை 1991க்கு முன், பின் எனப் பிரித்தே எழுத வேண்டும். 1976இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட சாக்புரூட் வைரஸ் வகை, 1991–92இல் தெற்கே பரவி, இந்தியத் தேனீக் குடும்பங்களில் 90 விழுக்காட்டிற்கும் மேலானவற்றை அழித்தது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாது. அதன் தோல் நீர் நிறைந்த பையாகி, புழு அறைக்குள்ளேயே மடியும். குடகின் காப்பித் தோட்டங்களிலும் மார்த்தாண்டத்தின் ரப்பர்த் தோப்புகளிலும் பெட்டிகள் வெறுமையாயின.

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட தென்னக ஆய்வு நிலையங்களுக்கு முன் இரு வழிகளே இருந்தன. ஒன்று, 1962இல் நக்ரோட்டாவில் நிலைபெற்ற இத்தாலியத் தேனீயைத் தெற்கே கொணர்வது. தேன் மிகும், ஆனால் வர்ரோவா உண்ணி அதனை வீழ்த்தும். அவ்வுண்ணியின் தொல்விருந்தோம்பி இந்தியத் தேனீயே. அங்கு அது பெரும்பாலும் ஆண் தேனீப் புழுக்களில் மட்டுமே பெருகுவதால் கேடு குறைவு. உண்ணியைத் தாங்கிய இனம் வைரஸிடம் தோற்றது ஒரு முரண்தான்.

மற்றது, பிழைத்த குடும்பங்களிலிருந்து ராணிகளை வளர்த்துப் பெருக்குவது. மெதுவான இவ்வழியே இந்தியத் தேனீயை மீட்டது. பிழைத்தமைக்கு மரபணுக் காரணம் எது என்று வினவ அன்று கருவி இல்லை. இந்தியத் தேனீயின் மரபணுத்தொகுதி 2015இல்தான் வெளியாயிற்று. ஆனால் தேனீ வளர்ப்போர் அதுவரை காத்திருக்கவில்லை. மரப்பொந்துகளிலும் பாறையிடுக்குகளிலும் எஞ்சிய காட்டுக் குடும்பங்களைப் பிடித்துப் பெட்டிகளில் குடியேற்றினர்.