கணக்கைக் கேட்டல்: கோட் கிரானாவிலிருந்து சமூகத் தணிக்கைச் சட்டம் வரை

1994 டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானின் பாலி மாவட்டத்திலுள்ள கோட் கிரானா என்னும் சிற்றூரில் ஒரு பொதுக்கூட்டம் கூடியது. அதன் மையம் சொற்பொழிவு அன்று. ஊராட்சி ஏடுகளின் வாசிப்பு. இன்ன பணியில் இன்னார் இத்தனை நாள் உழைத்து இத்தனை ரூபாய் கூலி பெற்றார் என்று மஸ்டர் ரோல்கள் மக்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. பெயருக்குரியவர்களே எழுந்து மறுத்தனர். அக்காலத்தில் நடந்த இத்தகைய கூட்டங்களில் வேலைக்கே போகாதோர், ஊரைவிட்டுப் பெயர்ந்தோர், இறந்தோர் ஆகியோரின் பெயர்களில் கூலி எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. முடிவுறாத கட்டடங்கள் ஏட்டில் முடிவுற்றிருந்தன.

இக்கூட்டத்தை நடத்தியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன். 1990 மே 1 அன்று ராஜ்சமந்த் மாவட்டத்துத் தேவ்டுங்கிரியை மையமாகக் கொண்டு அது தோன்றியது. இந்திய ஆட்சிப் பணியை 1975இல் துறந்த, சென்னையில் பிறந்த அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அதன் நிறுவனர்களில் முதன்மையானோர். அமைப்பின் தொடக்கக் கோரிக்கை தகவலன்று, குறைந்தபட்சக் கூலி. கூலி குறைந்ததேன் என்று கேட்டவர்களுக்கு, வேலை அளவில் குறைந்தது என்றே விடை கிடைத்தது. அந்த அளவு எழுதப்பட்ட புத்தகமோ அலுவலகத்தில் இருந்தது. அதைக் காட்ட அதிகாரிகள் மறுத்தனர். 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் வளர்த்த ஆட்சிப் பண்பாட்டில் ஊர்க்குளத்தின் கணக்கும் இரகசியமே. கூலிக்கான போராட்டம் ஏட்டுக்கான போராட்டமாக மாறியது இவ்வாறுதான்.

அரசுக் கணக்கை ஆராயும் அமைப்பே நாட்டில் இல்லாதிருக்கவில்லை. அரசமைப்பின் 148ஆம் உறுப்பு தலைமைக் கணக்குத் தணிக்கையர் பதவியை நிறுவியது. அரசமைப்பின்கீழ் அமையும் பதவிகளுள் அதுவே மிக முதன்மையானதாக இருக்கலாம் என்று அம்பேத்கர் அரசமைப்பு அவையில் கருதினார். ஆயினும் அத்தணிக்கை பெரும்பாலும் தாளைத் தாளோடு ஒப்பிடுவது. வவுச்சர் அளவுப் புத்தகத்தோடும், அளவுப் புத்தகம் மஸ்டர் ரோலோடும் பொருந்தினால் கணக்கு சரி. மூன்றையும் ஒரே கூட்டு எழுதியிருந்தால் மூன்றும் பொருந்தவே செய்யும். கோட் கிரானாவில் தாள் மனிதரோடு ஒப்பிடப்பட்டது. ரேகை தன்னுடையதன்று எனச் சொல்ல அந்த ரேகைக்கு உரியவரே அங்கு இருந்தார்.

இதில் சொல்வரலாற்றின் பொருத்தம் ஒன்று உண்டு. ‘ஆடிட்’ என்பது கேட்டலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. இடைக்கால இங்கிலாந்தில் பண்ணைக் கணக்குகள் வாய்விட்டுப் படிக்கப்பட, ஆடிட்டர் செவியால் கேட்டு ஆராய்வது வழக்கம். காலப்போக்கில் தணிக்கை மௌனமான தாள்வேலையாயிற்று. ராஜஸ்தானில் இக்கூட்டங்களுக்கு வழங்கிய பெயர் ‘ஜன் சுன்வாய்’. அதன் வேரும் கேட்டலே. எழுத்தறியாதாரைக் கணக்கிலிருந்து விலக்கிவைத்தது எழுத்து. வாசிப்பு அவர்களையே சாட்சியராகவும் தணிக்கையராகவும் ஆக்கியது.

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், ஊராட்சிப் பணிகளின் ஆவண நகலை மக்கள் பெறலாம் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வராததால் 1996 ஏப்ரல் 6 அன்று பியாவரில் தர்ணா தொடங்கி 40 நாள் நீடித்தது. ஆவணத்தைப் பார்வையிடலாம், ஒளிநகல் கிடையாது என்ற அரசின் ஆணையைப் போராடியவர்கள் ஏற்கவில்லை. கையால் எடுத்த குறிப்பை எவரும் மறுக்கலாம். சான்றிட்ட நகலே வழக்கில் நிற்கும். ‘ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்’ என்ற முழக்கம் – நம் பணம், நம் கணக்கு – இக்காலத்தில் பரவியது. 1997இல் தமிழ்நாடும் 2000இல் ராஜஸ்தானும் தகவல் உரிமைச் சட்டம் இயற்றின. நடுவணரசின் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது.

அதே 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் கடமையைக் கிராம சபைக்கு அளித்தது. இதை முறையாக வளர்த்தெடுத்தது ஆந்திரப் பிரதேசம். தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் பயிற்சி பெற்று வீடுவீடாகச் சரிபார்த்தனர். முடிவுகள் அதிகாரிகள் முன் பொது விசாரணையில் படிக்கப்பட்டன. 2009இல் இதற்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையரைக் கலந்து நடுவணரசு வெளியிட்ட 2011ஆம் ஆண்டு விதிகள், பணியை நிறைவேற்றும் துறையிலிருந்து விலகி நிற்கும் தணிக்கை அலகு ஒவ்வொரு மாநிலத்திலும் வேண்டும் என்றன. 2017இல் மேகாலயம் சமூகத் தணிக்கைக்கெனத் தனிச்சட்டம் இயற்றிய முதல் மாநிலமாயிற்று.

இவ்வளர்ச்சிக்கு உயிர்விலையும் உண்டு. 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில், சமூகத் தணிக்கை தொடங்கவிருந்த வேளையில், அப்பணியில் ஈடுபட்டிருந்த லலித் மேத்தா கொல்லப்பட்டார். ஒப்பந்தக்காரரும் இடைத்தரகரும் கோலோச்சிய வட்டாரத்தில் ஒரு மஸ்டர் ரோலைச் சரிபார்ப்பது எத்தகைய செயல் என்பதற்கு அம்மரணம் சான்று.

சட்டம் வந்தபின் எதிர்ப்பு வேறு வடிவம் கொண்டது. தணிக்கை அலகுகளுக்கான நிதி, தணிக்கைக்கு உள்ளாகும் நிர்வாகத்தின் வழியாகவே வரவேண்டியிருந்தது. அது தாமதித்தால் தணிக்கையும் நின்றது. முறைகேடு எனக் கண்டறிந்த தொகையில் மீட்கப்பட்டது சிறுபகுதியே. கண்டறிவது தணிக்கையரின் வேலை, தண்டிப்பது துறையின் வேலை என்ற பிரிவினையில் பல அறிக்கைகள் உறங்கின.

2021இல் மஸ்டர் ரோலின் இடத்துக்குக் கைப்பேசிச் செயலி வந்தது; பணியிடத்தில் தொழிலாளரை ஒளிப்படமெடுத்து வருகையைப் பதிவுசெய்யும் முறை அது. ஒளிப்படத்தையே மீண்டும் ஒளிப்படமெடுத்துப் பதிவேற்றும் முறைகேட்டை 2025இல் நடுவண் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் சுட்டியது. தாளுக்குத் தாள் சான்றளித்ததுபோல, இங்கே படத்துக்குப் படம் சான்றளித்தது. ஏடு இணையத்தில் எவருக்கும் திறந்திருந்தது. ஆனால் ஊர் கூடிய இடத்தில் பெயர் சொல்லி அழைத்து, ‘இந்தக் கூலி உனக்கு வந்ததா?’ என்று கேட்பதற்கு அது ஈடாகவில்லை. தணிக்கை என்பதன் பழம்பொருளை 1994இல் கோட் கிரானா மீட்டது இக்கேள்வியின் வழியாகத்தான்.