சொல்லின் கடுமையும் நிரலின் தரமும்: லினக்ஸ், அப்பாச்சி ஓர் ஒப்பாய்வு

இலங்கையின் பதுளைப் பகுதியில் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்மொழி மூலம் படித்துக் கணினித் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு, நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள் ஒரு பெரிய வாசல். அது சிபாரிசு கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. எழுதிய நிரல் நன்றாக இருந்தால் போதும் என்கிறார்கள். திறமை இருந்தால் போதும், பேச்சு எப்படி இருந்தால் என்ன என்பது ஒரு கட்சி. பேச்சு கெட்டால் திறமை உள்ளேயே வராது என்பது மறுகட்சி. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க லினக்ஸும் அப்பாச்சியும் பொருத்தமான சமூகங்கள்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் கருவில்) ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. கடைசிச் சொல் டோர்வால்ட்ஸுடையது. 1999இல் உருவான அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் அப்படித் தனி அதிகாரி இல்லை. உழைத்துக் காட்டியவருக்கு நிரலை மாற்றும் உரிமை கிடைக்கும். கருத்து வேறுபட்டால் வாக்கெடுப்பு. நிரலைவிடச் சமூகமே முதன்மை என்பது அவர்கள் வெளிப்படையாகச் சொல்லும் கொள்கை.

ஒரு நிரலை மறுக்கும்போதுதான் இரண்டின் குணமும் தெரியும். 2012 டிசம்பரில் கெர்னலில் செய்த ஒரு மாற்றம் பிழைக்குறியீட்டைத் தவறாகத் திருப்பி அனுப்பியதால் பயனரின் செயலிகள் பாதிக்கப்பட்டன. பகுதிப் பொறுப்பாளர் செயலியின் மேல் பழியைப் போட, டோர்வால்ட்ஸ் அவரை எல்லோர் முன்னிலையிலும் ஆபாசச் சொல்லால் வாயடைத்தார். கெர்னல் மாற்றம் பயனரின் செயலியை உடைக்கக்கூடாது என்று அவர் வலியுறுத்திய விதி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த விதியைச் சொல்ல வசை தேவைப்படவில்லை. அப்பாச்சியிலோ நிரல் மாற்றத்தைத் தடுக்க வாக்குரிமையுள்ள ஒருவர் −1 என்ற எதிர்வாக்கைப் போட்டால் போதும்; ஆனால் தொழில்நுட்பக் காரணம் காட்டாத −1 செல்லாது. மறுப்பவரின் கோபத்துக்கு அங்கே மதிப்பில்லை, காரணத்துக்குத்தான் மதிப்பு.

மலையில் கொழுந்து நிறுக்கும்போது முற்றிய இலையைக் கழிப்பது சரியான வேலை. பறித்தவளைத் திட்டுவதால் தராசில் ஒரு கிராம்கூட ஏறாது.

லினக்ஸ் இதற்குக் கொடுத்த விலையும் கண்கூடு. இன்டெலில் பணியாற்றிய கெர்னல் பங்களிப்பாளர் சேஜ் ஷார்ப், 2013இல் இந்த வசைப்பேச்சை நிறுத்துமாறு வெளிப்படையாகக் கேட்டார்; 2015இல் கெர்னல் பணியிலிருந்து விலகிவிட்டதாக அறிவித்தார். 2018 செப்டெம்பரில் டோர்வால்ட்ஸே தன் கடுமொழிக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். அதே மாதம் நடத்தை விதிகளும் வந்தன. 4.19ஆம் பதிப்பை அக்டோபரில் கிரெக் குரோவா-ஹார்ட்மன் வெளியிட்டார், வேலை நிற்கவில்லை. கெர்னலின் கண்டிப்பும் குறையவில்லை. கண்டிப்புக்கு வசைதான் ஆதாரம் என்ற வாதம் அங்கேயே பொய்த்தது.

நம் நாட்டு அனுபவம் அப்பாச்சியோடு நெருக்கமானது. இணையச் சேவைகளுக்கான அதன் ஆக்சிஸ்2 திட்டத்தில் இலங்கைப் பொறியாளர்களின் பங்கு பெரிது. அப்பாச்சிக்கு வெளியேயும் நமக்கு அனுபவம் உண்டு: 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் இங்குள்ள தன்னார்வலர்கள் கூடி எழுதிய 'சஹானா', காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணக் கோரிக்கைகள் ஆகியவற்றைப் பதிவுசெய்த திறமூல மென்பொருள். 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன்பாட்டு விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது.

இத்தகைய மென்பொருள் நம் மலைக்கு வந்தால் என்ன ஆகும்? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு தோட்டத் தொழிலாளரின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியது. அத்தகைய நாளில் காணாமற்போனவரின் முகவரியைப் பதிய, படிவம் வீதிப் பெயரைக் கேட்டால் தோட்டத்து ஆள் எதை எழுதுவார்? அவருக்குத் தெரிந்தவை தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா (அறை) எண். 'செல்வராஜ்' என்ற பெயரை ஆங்கிலத்தில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால், ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாவார். இவை பச்சையான தொழில்நுட்பக் குறைகள். இவற்றை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் லயத்தில் வளர்ந்த ஒரு பிள்ளைதான். தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் அவர் எழுதும் முதல் மடலுக்கு ஏளனம் பதிலாக வந்தால், இரண்டாவது மடல் வராது. குறை அப்படியே கிடக்கும். தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணியின் ஏச்சைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல் இன்னும் ஆழமாகத் தைக்கும்.

அப்பாச்சி முறைக்கும் குறையுண்டு. 2011இல் அதனிடம் வந்த அலுவலக மென்பொருளான ஓப்பன் ஆபிஸ், அதிலிருந்தே பிரிந்த லிப்ரே ஆபிஸைவிடப் புதிய பதிப்புகளில் மிகவும் பின்தங்கியது. நல்ல நடைமுறை இருந்தும் நிரல் எழுத ஆள் போதவில்லை. பண்பு, உழைப்பின் இடத்தை நிரப்பாது. யாரையும் புண்படுத்த அஞ்சிப் பதிலே சொல்லாமல் விடுவதும் ஒருவகை அவமதிப்புத்தான்.

ஆகவே லினக்ஸிடமிருந்து தரத்தில் விட்டுக்கொடாமையையும், அப்பாச்சியிடமிருந்து காரணம் சொல்லி மறுக்கும் முறையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பதுளையில் நாளை ஒரு மென்பொருள் குழு அமைந்தால் அதன் முதல் விதி இதுவாக இருக்கட்டும்: பிழையுள்ள நிரல் எவருடையதானாலும் ஏற்கக்கூடாது, எந்த வரி பிழை, ஏன் பிழை என்று சொல்லாமல் திருப்பவும் கூடாது. இந்த இரண்டாவது பாதியை மதிக்காதவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரரானாலும் அவரிடம் பொறுப்பைக் கொடுக்கக்கூடாது. அவர் ஒருவருடைய திறமையைக் காப்பாற்றப்போய், அவர் விரட்டிய பலருடைய திறமையை இழப்போம்.