ஒளியிழைக் கீற்றணிகளில் வெப்ப விளைவு

ஒளியிழைக் கீற்றணி அல்லது ஒளியிழை பிராக் கீற்றணி என்பது, ஒளியிழையின் உள்ளகத்தில் ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் மாற்றி உருவாக்கப்படும் அமைப்பு ஆகும். இது குறிப்பிட்ட ஓர் அலைநீள ஒளியை மட்டும் எதிரொளித்து, ஏனையவற்றைச் செல்ல விடுகிறது. வெப்பம் இதனை இரு வகைகளில் பாதிக்கிறது. ஒன்று, எதிரொளிக்கும் அலைநீளம் இடம்பெயர்தல். இது மீளும் விளைவு. மற்றொன்று, கீற்றணியே அழிதல், இது மீளாதது. முதலாவது விளைவால் கீற்றணி வெப்பமானியாகப் பயன்படுகிறது. அவ்வெப்பமானி எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை இரண்டாவது தீர்மானிக்கிறது.

வரலாறு

1978 ஆம் ஆண்டு கனடாவின் தகவல்தொடர்பு ஆய்வு மையத்தில் கென்னத் ஹில் குழுவினர், ஜெர்மேனியம் கலந்த இழையில் ஆர்கான் லேசர் ஒளியைச் செலுத்தியபோது, எதிரொளிப்பு நேரத்துடன் கூடுவதைக் கண்டனர். இழைக்குள் எதிரெதிராகச் சென்ற ஒளியலைகள் ஒரு கீற்றணியைப் பதித்திருந்தன. 1989 இல் ஜெரால்ட் மெல்ட்ஸ் குழுவினர், 244 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சிக் கீற்றணி பதிக்கும் முறையை வெளியிட்டனர்.

மீளும் விளைவு

எதிரொளிக்கும் அலைநீளம் = 2 × ஒளிவிலகல் எண் × கீற்று இடைவெளி

ஒளிவிலகல் எண் 1.45, இடைவெளி சுமார் 535 நானோமீட்டர் எனில், எதிரொளிக்கும் அலைநீளம் ஏறத்தாழ 1550 நானோமீட்டர் ஆகும். சூடேறும்போது இழை நீள்வதால் இடைவெளி கூடுகிறது. ஒளிவிலகல் எண்ணும் கூடுகிறது. சிலிக்கா மிகக் குறைவாகவே விரிவடையும் என்பதால், இடம்பெயர்வின் பெரும்பகுதி ஒளிவிலகல் எண் மாற்றத்தால் விளைவதே. 1550 நானோமீட்டரில் இது ஒரு பாகை செல்சியசுக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் ஆகும்.

இழையை இழுத்தாலும் அலைநீளம் கூடும். எனவே பாலம் போன்ற கட்டுமானங்களின் திரிபை அளக்கும்போது, 10 பாகை வெப்பநிலை உயர்வு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 90 பங்கு திரிபாகத் தவறாகத் தோன்றும். இதனைக் கழிக்க, இழுவிசை படாத மற்றொரு கீற்றணி அருகில் வைக்கப்படுகிறது. தகவல்தொடர்பு வடிகட்டிகளில் அலைநீளம் நகரக்கூடாது. அவற்றில், சூடேறும்போது இழையின் இழுவிசை தளரும்படி, வெவ்வேறு அளவில் விரியும் பொருள்களால் ஆன தாங்கியில் கீற்றணி பொருத்தப்படுகிறது.

மீளா விளைவு

புற ஊதா ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான்கள் கண்ணாடியில் வெவ்வேறு ஆழமுள்ள பொறிகளில் சிக்கியுள்ளன என்று கொண்டு, 1994 இல் பெல் ஆய்வகத்தின் துரான் எர்டோகன் குழுவினர் இவ்வழிவை விளக்கினர். சூடேறும்போது ஆழம் குறைந்த பொறிகளிலிருந்து எலக்ட்ரான்கள் முதலில் வெளியேறும். ஆகவே அழிவு தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும் நிகழ்கிறது.

இதிலிருந்தே ஒரு தீர்வும் கிடைத்தது. பயன்படுத்தவிருக்கும் வெப்பநிலையைவிடக் கூடுதலான சூட்டில் கீற்றணியை முன்கூட்டியே பதப்படுத்தினால், நிலையற்ற பகுதி நீங்கிவிடும். எதிரொளிப்பு சற்றுக் குறைந்தாலும், எஞ்சுவது நெடுங்காலம் மாறாதிருக்கும். பதப்படுத்தாத உணரியில் அலைநீளம் தானாகவே நகர்வதால், அது பிழையான வெப்பநிலையைக் காட்டக்கூடும்.

உயர் வெப்பநிலைக் கீற்றணிகள்

புற ஊதா ஒளியால் பதித்த வழக்கமான கீற்றணிகள் சில நூறு பாகைகளுக்கு மேல் நெடுநாள் நிலைப்பதில்லை. ஃபெம்டோநொடி லேசர் துடிப்புகளால் கண்ணாடியின் கட்டமைப்பையே மாற்றிப் பதிப்பவற்றில் சில, சுமார் 1000 பாகை வரை தாங்குகின்றன. ஹைட்ரஜன் ஏற்றிய இழையில் பதித்த கீற்றணியை 900 பாகை அளவில் சூடேற்றினால், அது மறைந்து, வலுக் குறைந்த புதிய கீற்றணியாக மீண்டும் தோன்றுகிறது. இவ்வாறு மறுபிறப்புற்ற கீற்றணி 1000 பாகைக்கு மேலும் நிலைக்கிறது.

இவற்றையும் பார்க்க
- ஒளியிழை
- ஒளிவிலகல் எண்
- வெப்ப விரிவு