விரல் மேல் ஒரு பலகை

ஜோலார்பேட்டையில் ரயிலைப் பிடிக்க ஓடும்போது கவனியுங்கள்: முதலில் எழும்புவது குதிகால்! பக்கத்து ஆம்பூர் ஷூக்காரர்களுக்குத் தெரிந்த இந்தச் சங்கதிதான் நார்வேயின் பனிச்சறுக்குக்கும் அடிப்படை.

வெகுகாலம் கால்விரலை மட்டும் வாரில் நுழைத்துக்கொண்டார்கள். இறக்கத்தில் பலகை கழன்று ஓடும்! சோண்ட்ரே நோர்ஹைம் என்ற ஏழை விவசாயி, முறுக்கிய மரச்சிம்பைக் குதிகாலைச் சுற்றியும் கட்டினார். 1868-ல் கிறிஸ்டியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோவில் நடந்த போட்டியில் அசத்தினார்.

சரி, கட்டை எங்கே பொருத்துவது? பலகையை விரல் மேல் வையுங்கள். சாயாமல் நிற்கிற இடத்தில் ஷூ முனை வரட்டும். ரொம்ப முன்னால் போனால், பலகையின் மூக்கு ஆழப் பனியில் புதையும். ஆள் குப்புற! சற்றுப் பின்னால் போனால், ஆழப் பனியில் மூக்கு மேலே மிதக்கும்.

காவடி தூக்கும் நம்மாளுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்?